பதினான்காவது கேள்வி

ஏழு ஐம்பதுக்கு வாசற்கதவு திறந்தது. செருப்புக் கழற்றும் சத்தம் இல்லை. தோள்பையை ஆணியில் மாட்டும் சத்தமும் இல்லை. காலடிகள் கூடத்தைக் கடந்தன, சமையலறையைக் கடந்தன. கழிப்பறைக் கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

பத்தொன்பது வருடம் அவர் கேட்ட சத்தம் அது. மனைவி வேலை முடிந்து வீட்டுக்கு வரும் சத்தம். அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் உள்ளே இருப்பது மகள் என்று தெரிந்துவிடும். தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரு நிமிடம் தெரியாமல் இருந்தார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஏழே முக்காலுக்கு மேல் யாரும் கழிப்பறைக்குப் போவதில்லை. அது அம்மா வரும் நேரம். யாரும் விதித்த சட்டமில்லை. மகளுக்கு ஐந்து வயதிருக்கும்போது ஒருநாள் அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அம்மா கதவைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. பாட்டு முடிந்து வெளியே வந்தபோது அம்மா சுவரில் நெற்றியை வைத்து நின்றிருந்தாள். காலடியில் தரை நனைந்திருந்தது. மறுநாளிலிருந்து அந்த நேரத்தில் கழிப்பறை காலியாக இருந்தது. அம்மா செத்த பிறகும் காலியாகவே இருந்தது. எட்டு மாதமாக ஏழே முக்காலிலிருந்து எட்டே கால் வரை அப்பாவும் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காக என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் வெளியே வந்தாள். யூனிஃபார்ம் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அப்புறம்தான் தோள்பையை இறக்கினாள்.

வேலையில் இருக்கும்போதே அம்மா இறந்ததால் வாரிசு வேலை மகளுக்கு வந்தது. அதே டிப்போ, அதே கண்டக்டர் வேலை, அதே தடம். முதல் பத்து நாள் காலை ஷிப்டில் வைத்துப் பழக்கினார்கள். இன்றைக்குத்தான் அம்மாவின் ஷிப்ட்.

அப்பாவும் அந்த டிப்போதான். ஸ்டோர்கீப்பர். டயர், பல்பு, பூட்டு, சாவி எல்லாம் அவர் பொறுப்பு. அவரை முதுகுக்குப் பின்னால் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். அவருக்கும் தெரியும்.

"சாப்பிடு பாப்பா."

"கொஞ்ச நேரம் போகட்டும்பா. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

அவர் தட்டைத் தள்ளினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். அதன்மேல் பேனாவை வைத்தார்.

"ஒரு கையெழுத்து. நாளைக்கு அனுப்பணும்."

"என்னது?"

"வருஷா வருஷம் போறதுதான். வசதி ஃபாரம். டிப்போல என்னென்ன இருக்குன்னு நான் எழுதணும். ஸ்டாஃப்ல ஒருத்தர் பார்த்துட்டேன்னு போடணும். லேடீஸ் சம்பந்தப்பட்டதுக்கு லேடீஸ் போடணும்."

"அம்மா போட்டாங்களா?"

"இதே மேசைலதான். படிக்கக்கூட மாட்டா. அடுப்ப விட்டு வந்து ஈரக்கையோட போட்டுட்டுப் போயிடுவா."

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

மகள் படித்தாள். தீயணைக்கும் கருவி, குடிநீர், முதலுதவிப் பெட்டி, மின்விசிறி. பதினான்காவது கேள்வி: பெண் பணியாளர்களுக்குத் தனிக் கழிப்பறை உள்ளதா? எதிரே அப்பாவின் நிமிர்ந்த எழுத்தில்: உள்ளது.

"எங்கப்பா இருக்கு?"

"ஸ்டோருக்குப் பின்னால. பூட்டின ரூம்."

"தொலைஞ்ச சாமான் ரூமா?"

"அதேதான். கட்டும்போது அதுக்குன்னு கட்டினது. உள்ள கக்கூஸ் கோப்பை இருக்கு, நானே பார்த்திருக்கேன். வண்டில ஜனங்க விட்டுட்டுப் போற சாமான வைக்க இடமில்லன்னு எனக்கு முன்னாடி இருந்தவரு அதுல போட ஆரம்பிச்சாரு. அப்படியே சாவி என் கைக்கு வந்துச்சு."

"சாவி உங்ககிட்டயா இருந்துச்சு?"

"எல்லாச் சாவியும் என்கிட்டதான்."

"பத்தொம்பது வருஷமாவா?"

அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். திரும்ப மூடினார்.

"அம்மா கேக்கலையா?"

"ஒரு தடவ கேட்டா. சேர்ந்த ரெண்டாவது வருஷம்."

அன்றைக்கு ஸ்டோர் ஜன்னலில் பல்பு வாங்க நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். அவள் கடைசியில் நின்றாள். முறை வந்ததும், "ஏங்க, அந்த ரூம் சாவி," என்றாள். குரல் அவளுக்கே கேட்டிருக்காது. ஆனால் பக்கத்தில் நின்ற டிரைவருக்குக் கேட்டுவிட்டது. "ஸ்டோர் ராஜா ராணிக்கு அந்தப்புரம் தெறக்கறாருடோய்!" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டோர்கீப்பரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அடுத்தது யாரு?" என்றார். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவள் போய்விட்டாள்.

"யாருப்பா அப்படிச் சொன்னது?"

"இப்ப உன் வண்டி ஓட்டறவன்தான். மனுஷன் தங்கம். வாய்தான் நீளம்."

"அதுக்கப்புறம் வீட்ல வந்து நீங்களாவது கேட்டீங்களா?"

"என்னன்னு கேக்கறது? சொந்தப் பொண்டாட்டிக்கு டிப்போ ரூமத் தெறந்து விட்டான்னு ஒரு பேச்சு வந்துரும் பாப்பா. நான் யாருக்கும் ஒரு ஸ்குரூ கூடச் சும்மா குடுத்தவன் இல்ல."

"வேற பொம்பள வந்து கேட்டிருந்தா?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். படிவத்தில் வருடா வருடம் எழுதியதை அவர் பொய் என்று நினைத்ததே இல்லை.

"குடுத்திருப்பேன்," என்றார்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மாவின் தடம் நீளமானது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு நடை. ஆரம்பத்தில் கடைசி நிறுத்தத்தில் ஒரு தையல்காரி வீடு இருந்தது. தையல்காரி ஒன்றும் சொல்லமாட்டாள். சும்மா போகக் கூசி, அம்மா கிழிந்த யூனிஃபார்மை எல்லாம் அவளிடமே தைக்கக் கொடுத்தாள். கிழியாததையும் கொடுத்தாள். தையல்காரி வீடு மாறினாள். அப்புறம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே வாட்ச்மேன் மாறினான். அப்புறம் எந்த இடமும் இல்லை.

காலை ஒன்பதுக்கு மேல் தண்ணீரைத் தொடமாட்டாள். வெயில் காலத்தில் வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொள்வாள். காய்ச்சல் வரும், போகும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பாள். மூன்றாவது முறை காய்ச்சல் வந்தபோது டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யூரின ரொம்ப நேரம் அடக்குவீங்களா?"

அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷனைப் பார்த்தாள்.

"இல்லீங்களே. டிப்போல வசதி இருக்கு."

அப்பா தலையாட்டினார். மகள் மூன்றாவது நாற்காலியில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு அது ஒரு சாதாரணப் பதில். இரண்டு வருடத்தில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

"சாவியக் குடுங்க. நாளைக்குப் போய்ப் பார்த்துட்டுப் போடறேன்," என்றாள் மகள்.

"நானாத் தெறக்க எனக்கு அதிகாரம் இல்ல பாப்பா. மேனேஜர் சொல்லணும்."

"அப்ப மேனேஜர்கிட்டயே கேக்கறேன்."

"ஒரு கோடு கிழிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு…"

அவள் காகிதத்தை மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டாள். பேனாவை அங்கேயே விட்டுவிட்டாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.

கழுவும்போது பகலில் பார்த்தது கண்முன் வந்தது. நடுவழியில் ஒரு நிறுத்தம் உண்டு. ஐந்து நிமிடம். அங்கே ஒரு சின்னக் கழிப்பறைக் கட்டடம், இரண்டு கதவு. ஆண்கள் கதவு திறந்திருந்தது. பெண்கள் கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. உள்ளே தண்ணீர் ஏற்றும் மோட்டார். ஆண்கள் பக்கத்துக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போனது.

அவள் திரும்பி வண்டியில் ஏறினாள். ஆண்கள் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி, முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளும் போய்க் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தாள். அந்த சீட்டில் ஒரு பள்ளம் இருந்தது. பத்தொன்பது வருடம் அம்மா உட்கார்ந்து விழுந்த பள்ளம். அவள் உடம்பு அதில் சரியாகப் பொருந்தியது.

டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உங்கம்மா இந்த அஞ்சு நிமிஷமும் சீட்ட விட்டு எந்திரிச்சு நான் பார்த்ததில்ல தங்கச்சி. இரும்பு! எங்களுக்கென்ன, எந்தச் சுவரும் சுவருதான்," என்று சிரித்தார்.

மறுநாள் பத்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனிதர். அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேன் ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

"உக்காரும்மா. என்ன, ஃபாரத்துல கையெழுத்தக் காணோம்?"

"அந்த ரூம நான் பார்த்ததில்ல சார். பார்த்துட்டேன்னு எப்படிப் போடறது?"

மேனேஜர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து அவள் முன்னால் திருப்பி வைத்தார்.

"உங்கம்மா."

பத்தொன்பது படிவங்கள். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதல் வருடம் முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு சுழி போட்டிருந்தாள். நாலாவது வருடம் சுழி இல்லை. ஒரு தாளில் ஈர விரலின் தடம் மைக்கு மேல் காய்ந்திருந்தது. பெயர் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசித் தாளில் ஒரு கோடு மட்டும், நடுவில் ஒரு உடைசலோடு. அது ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய்க்கொண்டிருந்த வருடம்.

"நீ இல்லைன்னு போட்டா இதெல்லாம் பொய்யின்னு ஆகும். யார் சொன்ன பொய்? முதல்ல உங்கம்மா. அடுத்தது உங்கப்பா. அவருக்கு ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு. யோசிச்சுக்கோ."

"இல்லைன்னு நான் இன்னும் சொல்லல சார். திறந்து காட்டுங்கன்னுதான் சொல்றேன்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன், அப்புறம் சார் சொல்லலைன்னு சொல்லக்கூடாது. வசதி இல்லாத டிப்போல லேடீஸப் போடக்கூடாது. அது ரூல். இல்லைன்னு பேப்பர் போச்சுன்னா எட்டு நாள்ல ஆர்டர் வரும். வாரிசு வேலைய ஆம்பள வாரிசுக்கு மாத்திக்கலாம்னு. உனக்கு அண்ணன் இருக்கார்ல?"

அண்ணன் இருந்தான். வெளியூரில் செல்போன் கடையில் வேலை பார்த்தான். வேலை யாருக்கு என்று பேச்சு வந்தபோது, "அவ எடுத்துக்கட்டும். எனக்கு வெயில் ஆகாது," என்று சொன்னவன்.

"இருக்காரு சார்."

"நியாயமாப் பார்த்தா திறந்து காட்டறதுதான் முறை," என்றார் மேனேஜர், பெருந்தன்மையோடு. "பூட்டக் கூப்பிடு. இல்ல, அப்பாவக் கூப்பிடு."

அப்பா சாவிக்கொத்தோடு வந்தார். கொத்தில் எந்தச் சாவி என்று அவர் தேடவில்லை. விரல் நேராக அதற்குப் போனது. கதவின் மேல் ஒரு பெண்ணின் முகம் வரைந்திருந்தது. வண்ணம் உதிர்ந்து, கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

கதவைத் திறந்ததும் ரப்பர் நாற்றமும் பழைய துணி நாற்றமும் வந்தன. குடைகள். சாப்பாட்டு டப்பாக்கள். ஒற்றைச் செருப்புகள். ஒரு ஊன்றுகோல். குழந்தையின் கம்பளித் தொப்பி. மூக்குக்கண்ணாடிகள், ஒரு பையில் நாற்பதோ ஐம்பதோ. எல்லாவற்றிலும் அப்பா தேதி எழுதிச் சீட்டுக் கட்டியிருந்தார். கண்டெடுத்த வண்டி எண்ணும் இருந்தது. பல சீட்டுகளில் அம்மாவின் வண்டி எண்.

பதினோரு மணி வண்டிக்கு நின்றிருந்த டிரைவர் வந்து கைகொடுத்தார். "யப்பா, இந்தக் குடைய எல்லாம் வித்தா டிப்போக்கே கூரை போடலாம்," என்றார். யாரும் சிரிக்காததால் சாமானைத் தூக்கினார். சாமான்கள் முற்றத்து வெயிலில் பரவின. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஏதோ வீட்டில் சாவு விழுந்து பொருள்களை வெளியே எடுத்துப் போட்டது போல இருந்தது.

கடைசியில் கோப்பை தெரிந்தது. வெள்ளை நிறம். ஓரத்தில் கம்பெனிச் சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது.

"இருக்கு பார்த்தியா," என்றார் அப்பா. "நான் சொன்னேன்ல பாப்பா. இருக்கு."

அவரே ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். குனிந்து கோப்பையைத் துணியால் துடைத்தார். மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். யாரோ வரப்போகிறார்கள் என்பது போலத் துடைத்தார். பிறகு தண்ணீரை ஊற்றினார்.

தண்ணீர் கோப்பையில் நிறைந்தது. நின்றது.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கவில்லை.

"அடைப்பா இருக்கும்," என்றார் மேனேஜர்.

டிரைவர் போய் ஒரு கம்பி கொண்டுவந்து உள்ளே விட்டார். ஒரு முழம்கூடப் போகவில்லை. டக் என்றது. இன்னொரு பக்கம் குத்தினார். டக். அவர் முழங்காலிட்டு, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினார். நிமிர்ந்தபோது முகத்தில் கேலி இல்லை.

"சிமென்ட்டு சார். குழாயே வைக்கல. வெறும் தரைல கோப்பைய உக்கார வச்சிருக்காங்க."

அப்பா கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போனார். மற்றவர்களும் போனார்கள். அதே கட்டடத்தில் ஒட்டியிருந்த ஆண்கள் கழிப்பறையிலிருந்து ஒரு குழாய் இறங்கித் தொட்டிக்குப் போனது. இந்தப் பக்கச் சுவர் மொழுக்கென்று இருந்தது. குழாய் இல்லை, தொட்டி இல்லை. கட்டிய நாளிலிருந்து இல்லை.

அப்பா அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்படின்னா…" என்றார். "அப்படின்னா, நான் அன்னைக்குச் சாவி குடுத்திருந்தாலும்…"

முடிக்கவில்லை. எட்டு மாதமாக இறுகியிருந்த தோள்கள் இறங்கின. முகத்தில் ஏதோ தளர்ந்தது. காய்ச்சல் விட்டவன் முகம் மாதிரி ஆனது. அவருக்கே தெரியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் மேனேஜர்தான். "சரி. இப்ப என்ன. ரூம் இருக்கு. கோப்பை இருக்கு. கழிப்பறை உள்ளதான்னுதான் கேள்வி. வேலை செய்யுதான்னு ஃபாரத்துல கேக்கலையே. பார்த்துட்டே, போட்டுடும்மா. ரிப்பேருக்கு நான் தனியா எழுதறேன்."

அவள் தோள்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். மேனேஜர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. படிவத்தை அப்பாவிடம் கொடுத்தாள்.

"அப்பா."

"என்ன பாப்பா."

"குழாய் இல்லைன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது."

அவர் பார்த்தார்.

"உள்ள எல்லாம் இருக்கு, சாவி உங்க இடுப்புல இருக்கு, நீங்க குடுக்கலன்னு நெனச்சுக்கிட்டேதான் அம்மா வருஷா வருஷம் ஈரக்கையோட வந்து கையெழுத்துப் போட்டாங்க. அப்படியே நெனச்சுக்கிட்டுதான் போனாங்க."

முற்றத்தில் ஒரு வண்டி பின்னால் நகர்ந்தது. யாரோ "வரலாம் வரலாம்" என்று கத்தினார்கள். அப்பா ஊற்றிய தண்ணீர் உள்ளே கோப்பையில் அசையாமல் நின்றிருந்தது.

அவர் படிவத்தைச் சுவரில் வைத்தார். குழாய் இல்லாத அந்தச் சுவர்தான். தன் சட்டைப்பைப் பேனாவை எடுத்தார். பதினான்காவது கேள்விக்கு எதிரே 'உள்ளது' என்பதை ஒரே கோட்டில் அடித்தார். 'இல்லை' என்று எழுதினார். எழுதிவிட்டுப் போதாது என்று நினைத்தது போல, சிறிய எழுத்தில், 'இந்தக் கட்டடம் கட்டிய நாள் முதல் இல்லை. விசாரிக்காமல் உள்ளது என்று பத்தொன்பது முறை எழுதியவன் நான்' என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"நாலு மாசம்யா உனக்கு," என்றார் மேனேஜர். மெதுவாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார்."

மகள் அவர் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள்.

"அப்ப எட்டு நாள்ல ஆர்டர் வரும்மா. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"வரட்டும் சார். அதுவரைக்கும் பதினோரு மணி வண்டி என்னுது."

வண்டி ஏழு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. டிரைவர் வழியில் அதைப் பிடித்துவிட்டார். கண்ணாடியில் ஒருமுறை அவளைப் பார்த்து, "தங்கச்சி, அன்னைக்கு அந்தப்புரம்னு…" என்று தொடங்கி, முன்னால் ஒரு லாரி வந்ததால் நிறுத்திக்கொண்டார். லாரி போன பிறகும் தொடரவில்லை.

நடுவழி நிறுத்தம் வந்தது. ஆண்கள் எழுந்தார்கள். பெண்கள் பைகளை மடியில் இழுத்துக்கொண்டார்கள்.

அவள் விசிலை ஊதினாள். ஒரே ஊதல். எழுந்தவர்கள் நின்றார்கள்.

"ஜென்ட்ஸ் கொஞ்சம் பொறுங்க. இன்னைக்கு முதல்ல நாங்க போறோம்."

யாருக்கும் புரியவில்லை.

"எங்க போறீங்கம்மா?" என்றார் முதல் சீட்டுக்காரர்.

"பாத்ரூமுக்கு."

"அது ஜென்ட்ஸும்மா."

"தெரியும் சார். லேடீஸ்ல மோட்டார் இருக்கு."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார். "என்னம்மா இது கூத்து? எனக்கு சுகரு. அடக்க முடியாது!"

மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் பையை சீட்டில் வைத்தாள்.

"எனக்கும்தான்யா சுகரு. இருபது வருஷமா இந்த வண்டில அடக்கிட்டுத்தான் வர்றேன். நீ ஒரு நாள் அடக்கு," என்று எழுந்தாள்.

கைக்குழந்தைக்காரி குழந்தையைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். பக்கத்து ஆளுக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி இறங்கினாள். இறங்கலாமா என்பது போல ஒவ்வொருத்தியும் படியில் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தாள். அவள் கீழே நின்று, "வாங்க," என்றாள். டிக்கெட் கொடுக்கும் குரல்தான்.

டிரைவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "யாரும் இல்ல. போங்க," என்றார். கதவுக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கதவருகே அவர் இவ்வளவு நேரம் நின்றதில்லை. நாற்றம் இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வரிசை மெதுவாக நகர்ந்தது. உள்ளே ஒரே ஒரு அறைக்குத்தான் கதவு இருந்தது. மற்றதெல்லாம் சுவர். பெண்களுக்கு அந்தச் சுவரால் பயனில்லை. வண்டியின் பக்கத்தில் ஆண்கள் நின்றார்கள். பையில் கையை விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அவள் கடைசியாகப் போனாள்.

மாலையில் டிப்போவுக்குத் திரும்பியதும் டைம்கீப்பர் ஜன்னலில் டிரிப் ஷீட்டைக் கொடுத்தாள். பதினாறு நிமிடத் தாமதம். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. டயர், எஞ்சின், மழை, விபத்து, மறியல் என்று அச்சடித்திருக்கும். எது என்று ஒரு டிக் போட்டால் போதும். அவள் எதிலும் டிக் போடவில்லை. ஓரத்தில் எழுதியிருந்தாள்.

டைம்கீப்பர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். 'நடுவழி நிறுத்தத்தில் பெண்கள் பத்தொன்பது பேர் சிறுநீர் கழித்தோம்.'

திரும்பப் படித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதெல்லாம் எழுதக்கூடாதும்மா."

"நடந்தது சார்."

"நடந்திருக்கும். அதுக்காக? மேல நாலு பேர் படிக்கறது. அசிங்கமா இருக்கு. அடிச்சுட்டு வேற எழுது. டயர்னு போடு. டயர்னு போட்டா யாரும் கேக்கமாட்டாங்க."

அவர் பேனாவை நீட்டினார். அவள் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"டயர் நல்லா இருக்கு சார்," என்றாள்.